கட்டைக்குச் சோறு

டிசம்பர் எட்டாம் தேதி
கீழ்வீட்டு ரெமேய்
ஒரு மரக்கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.
முன்னால் இரண்டு குச்சிக்கால்,
சிவப்புத் தொப்பி, சாயத்தில் வரைந்த சிரிப்பு.
"எங்கள் பியெல் வளர்ந்துவிட்டானாம்,
இனி அடிக்கமாட்டானாம்.
பூவிழி வைத்துக்கொள்ளட்டும்."

பெயர் தியோ.
அதற்குக் குளிரும், போர்வை வேண்டும்.
பசிக்கும், ராத்திரிதோறும்
கமலா ஆரஞ்சுத் தோலும் காய்ந்த ரொட்டியும்.
கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு
பிள்ளைகள் பாடிக்கொண்டே கோலால் அடிப்பார்கள்.
அப்போது அது பரிசுகளை...
ரெமேய் தயங்கவேயில்லை.
மருந்துக்கடையில் வேலை செய்பவள்,
ஊரின் வயிறுகளையெல்லாம் அறிந்தவள்.
வினைச்சொல்லை அப்படியே சொன்னாள்.

பூவிழி என்னைப் பார்த்தாள்.
"அம்மா, கக்காவா?"

இரண்டு வருடமாய் இந்த மொழி
எனக்குப் பல்லிடுக்கில் மாட்டிய நார்.
அதில் ஒரு சொல் மட்டும்
தொட்டிலிலேயே எனக்குத் தெரிந்திருக்கிறது.

விருந்தாளி முன் அதைச் சொன்னால்
தொடையில் கிள்ளுகிறவள் நான்.
பள்ளி மண்டபத்தில்
தலைமையாசிரியை கைதட்டித் தாளம் போட
இருநூறு பிள்ளைகள் அதையே
உச்சக்குரலில்.
கடைசி வரிசையில் நின்று உதடசைத்தேன்.
பிறகு, யாரும் திரும்பிப் பார்க்காததால்,
கத்தினேன்.

விக் நகரத்து டிசம்பரில்
எதிர்வீடு இருக்கிறதா என்று
ஜன்னலைத் திறந்துதான் பார்க்கவேண்டும்.
திறந்தாலும் தெரியாது, அவ்வளவு பனி.
சேந்தன் அதற்குள் இறங்கி நடப்பான்,
பன்றித்தொடைகள் வரிசையாய்த் தொங்கும்
குளிர்கிடங்குக்கு, இரவு எட்டுக்கு.
திரும்ப ஐந்தாகும்.
கையில் உப்பு, மிளகு, கொஞ்சம் இரும்பு வாசனை.

மேசைமேல் ஒரு தட்டு, அவனுக்கு.
தரையில் ஒன்று, தியோவுக்கு.
விடிவதற்குள் இரண்டையும் அவன்தான் காலிசெய்ய வேண்டும்.
"தோல் கசக்குமே, குப்பையில் போடேன்."
"குப்பையைக் கிளறிப் பார்க்கிறாள்."
உண்மைதான். முதல்நாளே கிளறினாள்.
மென்று விழுங்கினான்.

பதினேழாம் தேதி காலை
மேசைத்தட்டில் சோறு தொடாமல் கிடந்தது,
குழம்பு ஆடை கட்டி.
தரைத்தட்டில்
ஒரு துணுக்குத் தோல்கூட இல்லை.
காலணியைக் கழற்றாமல் சோபாவில் தூங்கியிருந்தான்.
பூவிழி இரண்டு தட்டையும் பார்த்தாள்.
கட்டையின் கன்னத்தில் தட்டி
"குண்டாயிட்டே" என்றாள்.
இன்னொரு தட்டைப் பற்றி
எதுவும் சொல்லவில்லை.

இருபத்துநாலு.
கோலைச் சூடாக்கி வரச்சொல்லிப்
பிள்ளைகளைச் சமையலறைக்கு அனுப்பினோம்.
ரேடியேட்டரில் கோல் வைத்துக் காத்திருந்தார்கள்,
போர்வைக்கடியில் நாங்கள் திணித்து முடிக்கும்வரை.
இனி அடிக்கமாட்டேன் என்ற பியெல்தான்
எல்லாரையும்விட ஓங்கி அடித்தான்.
பாதாம் மிட்டாய். கம்பளிக் காலுறை.
ஒரு பூதக்கண்ணாடி,
அதை வைத்து உடனே
ரெமேயின் மூக்கு ஆராயப்பட்டது.
மறுபடி அடி, மறுபடி பாட்டு.
கடைசியில் போர்வையைத் தூக்கினால்
ஒரு வெங்காயம்.

நான் வைக்கவில்லை. ரெமேய்
சட்டைப்பையிலேயே கொண்டுவந்திருந்தாள்.
"வயிறு காலி என்று அர்த்தம்.
இனி அடித்தாலும் வராது."
கருவாடு வைக்கிற வீடும் உண்டாம்.
அழுவாள் என்று நினைத்தேன்.
பூவிழி வெங்காயத்தைக் கண்ணாடியில் பார்த்தாள்,
மோந்தாள், சரி என்றாள்,
ஏதோ கணக்கு நேராகிவிட்டதுபோல.

அவர்கள் படியிறங்கிப் போன பிறகு
கோல் இன்னும் அவள் கையிலிருந்தது.
சோபா மூலையில் சேந்தன்
வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்,
தொடைமேல் தியோவின் போர்வை.
யார் போர்த்தியது, தெரியாது.
அவன் முழங்காலில் கோலை
மெல்ல ஒருமுறை வைத்தாள்.
எடுத்துவிட்டாள்.

"வேண்டாம்மா.
அப்பா ஒழுங்கா சாப்பிடலை."

கமலா ஆரஞ்சு ஒன்றை எடுத்து உரித்தாள்.
வெகுநேரம் பிடித்தது, நகம் சின்னது.
தோலைத் தன் பையில் போட்டுக்கொண்டு
சுளைகளை
அவன் கைக்குப் பக்கத்தில்
ஒவ்வொன்றாய் அடுக்கினாள்.